பார்த்தீனியமும் ஒவ்வாமையும்

வன்னிக் கமக்காரருக்குக் களை புதியதொன்றன்று. கோரையும் அறுகும் எம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கிய களைகளே. அவை பயிரைக் கெடுத்தனவேயன்றிப் பிடுங்கியவரின் உடலைக் கெடுத்தில. பார்த்தீனியமோ இரண்டையுங் கெடுப்பது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி, 1950களிற் பூனாவிற் காணப்பட்டுப் பின் இந்தியா முழுவதும் பரவிற்று. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987இல் இந்தியப் படையினரின் உணவுக்கென வந்த ஆடுகளோடு அதன் வித்துக்கள் வந்திருக்கலாமென்பது பலர் கருத்து. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அது பெருகிய பின்னர், கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே கிடக்கும் துணுக்காய்க்கு அதனைத் தூரத்துப் பகையென்று கருத இயலுமா? கரற் இலை போன்ற இலையும் சிறு வெண்பூவும் அதன் அடையாளம். ஒரு செடி பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வித்துக்களை உதிர்க்கவல்லது.

இச்செடி உடலை இரு வேறு வழிகளால் வருத்துகின்றது. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே மருந்தும் காப்பும் தவறுகின்றன.

முதலாவது மகரந்தத்தின் வழி. 'அலர்ஜி' என்னுஞ் சொல்லை வியன்னா வைத்தியர் பிர்க்கே 1906இல் ஆக்கினார். அதன் காரணப் பொருள் அறுபது ஆண்டுகள் புலப்படவில்லை. 1966இல் அமெரிக்காவில் ஆய்வு செய்த யப்பானிய தம்பதியர் இஷிசாக்காவும், 1967இற் சுவீடனில் யொகான்சன், பெனிச் என்போரும் அதனை வெளிப்படுத்தினர். இமியுனோகுளோபுலின் ஈ என்னும் அப்பிறபொருளெதிரி, மாஸ்ற் கலங்களிற் பற்றிக் காத்திருக்கும். மகரந்தம் பட்டதும் அக்கலங்கள் ஹிஸ்தமீன் முதலியவற்றைச் சொரியும். சில நிமிடங்களிலே தும்மலும், சிலருக்குத் தொய்வும் எழும்.

இரண்டாவது இலையின் வழி. இலைமயிர்களிலுள்ள பார்த்தெனின் என்னும் பொருள் தோலிற் படின், பிறபொருளெதிரிகளன்றி ரீ நிணநீர்க்கலங்களே கிளர்ந்தெழுகின்றன. இது விரைவில் நிகழ்வதன்று. ஒருநாள் இருநாள் கழிந்தே கண்ணிமையும் கழுத்தும் முழங்கை மடிப்புந் தடித்து அரிக்கும். பல்லாண்டு தீங்கின்றிக் கையாண்டவருக்கும் ஒருநாள் இது தொடங்கலாம். ஆதலாற் கமக்காரர் செடியை ஐயுறாது, அன்று உண்ட மீனையோ கத்தரிக்காயையோ பழிக்கின்றனர். உலர்ந்த செடியின் தூள் காற்றில் வந்து படினும் போதும். வயலில் இறங்காதவரும் தப்புவதில்லை.

தொய்வைப் பற்றி ஒன்று. மூச்சுக்குழல் சுருங்குவதே நோயென்று முன்னர் எண்ணினர். சுருக்கத்தின் அடியில் ஓயாத அழற்சி உண்டென்பதே இன்றைய தெளிவு. சல்பியூற்றமோல் குழலை விரிக்குமேயன்றி அழற்சியைத் தணியாது. பெக்லோமெத்தசோன் போன்ற மருந்தை உள்ளிழுத்தலே அதனைத் தணிக்கும். உலகத் தொய்வு வழிகாட்டி 2019 முதல், வளர்ந்தோரும் பதின்பருவத்தினரும் சல்பியூற்றமோலை மட்டும் நம்பியிருத்தலாகாதென விதிக்கின்றது. 'பம் அடித்தாற் சுகம்' என்றிருப்போர் இதனைத் தம் வைத்தியரோடு பேசுக.

எம் பாடசாலைகளிற் சிரமதானம் என்றாற் சிறுவர் வெறுங்கையுடன் களை பிடுங்குவது வழக்கம். பார்த்தீனியத்துக்கு இவ்வழக்கம் ஆகாது. தொய்வுள்ள மாணவரை அப்பணியினின்றும் முற்றாக விலக்குக. ஏனையோர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்ததாயின் பையிற் கட்டிப் புதைக்க; வரம்பிற் காயவிட்டால் வித்தும் தூளும் அடுத்த வீட்டுக்குச் செல்லும்.