எடைக்குப் போடும் முன் வயதைப் பாருங்கள்

சிரம்பான் லோபாக்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பழைய லயம் ஒன்று காலியாகும்போது குத்துவிளக்கும் தாம்பாளமும் பன்னீர்ச்செம்பும் பழைய இரும்பு லாரியில் ஏறிவிடுகின்றன. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: கிலோவுக்கு இத்தனை வெள்ளி. அதே விளக்கு எங்கே, எந்தக் காலத்தில், எப்படிச் செய்யப்பட்டது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் விற்றால் வாங்க வருகிற ஆளும் வேறு, விலையும் வேறு. இதற்குப் பட்டம் வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும். பழைய சாமான் தொழிலில் இருப்பவர்களுக்கும் புதிதாக வர நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

அடிப்படை விதி ஒன்றுதான். ஒரே ஒரு தடயத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். உலோகம், செய்முறை, எழுத்து, குடும்பத்தார் சொல் ஆகிய நான்கையும் பாருங்கள். அவை ஒரே காலத்தைக் காட்டும்போதுதான் வாய் திறக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

காந்தம், சமையலறைத் தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி, டார்ச், அளவு நாடா, நோட்டுப் புத்தகம். புளியும் பாலிஷும் இந்தப் பட்டியலில் இல்லை. பார்த்து முடித்துப் படம் எடுக்கும்வரை எதையும் துலக்காதீர்கள். இடுக்கில் படிந்த களிம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, தேய்ந்த எழுத்து எல்லாம் சாட்சிகள். ஒரு முறை புளி போட்டுத் தேய்த்தால் போனது போனதுதான்.

1. முதலில் உலோகம்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம் சேரும். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம், உள்ளே இரும்புத் தண்டும் இருக்கலாம். துத்தநாக வார்ப்பின் மேல் முலாம் பூசிய அலங்காரப் பொருளில் காந்தம் ஒட்டாது. அதை எடைதான் காட்டிக்கொடுக்கும்.

பொருளைக் கிராமில் நிறுத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை முழுக்க அமிழ்த்தி, வழிந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, எடையை அந்த அளவால் வகுங்கள். 850 கிராம் பொருள் 100 மில்லி நீரை வெளியேற்றினால் விடை 8.5. பித்தளைக்கு ஏறக்குறைய 8.4 முதல் 8.7 வரை வரும்; துத்தநாக வார்ப்புக்கு 7-க்குக் கீழே இறங்கும். அடிப்பாகத்தில் வேறு பொருள் அடைத்திருந்தாலோ உள்ளே காற்று சிக்கினாலோ இந்தக் கணக்கு தவறும்.

2. எப்படிச் செய்தார்கள்?

பொருளைத் தலைகீழாகத் திருப்புங்கள். முகப்பைவிட அடிப்பக்கம் அதிகம் பேசும். மணல் வார்ப்பில் சொரசொரப்பும் சிறு துளைகளும் இருக்கும். கடைசல் பிடித்திருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டக் கோடுகள் தெரியும். தகட்டை அடித்துச் செய்த குடத்தில் சுத்தியல் தடமும், பல்பல்லாகக் கோத்துப் பற்றவைத்த ஒட்டும் இருக்கும். கனம் எங்கும் சீராக, ஒட்டே இல்லாமல் இருந்தால் எந்திரத்தில் இழுத்த பாத்திரம் என்று கருதலாம்.

திருகாணியையும் விடாதீர்கள். தலையில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ள திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. அது இருந்தால் பொருள் அதற்குப் பிந்தியது, அல்லது பின்னாளில் பழுது பார்த்தது. எதுவென்று துளையின் தேய்மானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. எந்த ஊர்ச் சரக்கு?

இங்குள்ள வீடுகளில் பல ஊர்ப் பித்தளை கலந்து கிடக்கும். கும்பகோணம் அருகே உள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பேர்போனது. புவிசார் குறியீடும் பெற்றது. அடிப்பாகம், தண்டு, அகல், பிரபை என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்ப்பார்கள். பாகங்களைக் கழற்றி நிறத்தையும் மரையையும் ஒப்பிடுங்கள். இரண்டு விளக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

செதுக்கிய பூவேலையில் வண்ண அரக்கு நிரப்பிய ஜாடி, தட்டு என்றால் வட இந்தியாவின் மொரதாபாத்தை நினையுங்கள். வெற்றிலைப் பெட்டியைக் கண்டதும் தமிழர் சாமான் என்று சொல்லிவிடாதீர்கள். மலாய்க்காரர் வெற்றிலைத் தட்டமும் இங்கே புழக்கத்தில் இருந்தது. திரங்கானுவில் மெழுகு வார்ப்பு முறையில் செய்யும் பித்தளைக்கும், நிக்கல் கலந்து வெளிறிய வெண்பித்தளைக்கும் தனி மரபு உண்டு.

4. எழுத்தும் முத்திரையும்

சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். ணை, லை, ளை, னை ஆகியவற்றைப் பாருங்கள். யானைத் துதிக்கை போல மேலே சுழித்த பழைய வடிவமா, இன்றைய வடிவமா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் 1935 முதலே புதிய வடிவங்களில் வந்தது. பழைய கைப்பழக்கமும் 1978க்குப் பின் பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே இது சாய்வு காட்டும் தடயம், தீர்ப்பு அல்ல. பெயரோடு ஆண்டும் வெட்டியிருந்தால் பாத்திரம் அந்த ஆண்டினது, அல்லது அதற்கு முந்தியது.

‘மலேசியா’ என்ற முத்திரை இருந்தால் 1963 செப்டம்பர் 16-க்குப் பிந்தியது. ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் பொறித்தது பெரும்பாலும் ஏற்றுமதிச் சரக்கு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டுப் பாத்திரத்தில் முத்திரையே இல்லாதது இயல்பு.

5. வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்

“பாட்டி, இது யார் கொண்டுவந்தது? எந்தக் கப்பலில்?” இந்த இரண்டு கேள்விகள் பல தடயங்களுக்குச் சமம். தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ராஜுலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பலின் பயணம் 1985 தீ விபத்தோடு முடிந்தது. தாத்தாவைக் கங்காணி ஆள்கட்டி அழைத்துவந்தார் என்றால் அது 1938க்கு முன். அந்த ஆண்டில் இந்திய அரசு அதைத் தடை செய்தது. ஆனால் வந்த ஆண்டு வேறு, செய்த ஆண்டு வேறு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது வாங்கியதாகவும் இருக்கலாம். பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே, நாளோடு எழுதிக்கொள்ளுங்கள்.

6. போலிப் பழமை

உண்மைத் தேய்மானம் கை படும் இடத்திலும் தரையில் உரசும் விளிம்பிலும் இருக்கும். அமிலத்தால் கறுக்கவைத்த பொருளில் கறுப்பு எங்கும் ஒரே சீராகவோ, பொருத்தமற்ற இடத்திலோ தெரியும். மினுமினுப்பான வார்னிஷ் உரிந்து திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால் அது அண்மைக்கால அலங்காரச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

7. சீட்டு எழுதுங்கள்

மாதிரிக்கு ஒன்று: “பித்தளைக் குத்துவிளக்கு. வார்ப்பு, கடைசல். உயரம் 62 செ.மீ., எடை 4.3 கிலோ. பிரபை பின்னாளில் மாற்றியது. அடியில் பழைய லை எழுத்தோடு பெயர். ராஜுலாவில் வந்ததாகக் குடும்பத்தார் கூற்று. காலம்: 1930–1970, உறுதி: நடுத்தரம்.” குறையை மறைக்காத சீட்டுதான் வாங்குபவரைத் திரும்ப அழைத்துவரும். பழைய பாத்திரத்தில் காரீயம் இருக்கலாம். சமையலுக்கு அல்ல, அலங்காரத்துக்கு என்று எழுதிவிடுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். மலேசியாவில் பழைய பொருள் வணிகத்துக்கென்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; உங்கள் சரக்குக்கு உரிமம் வேண்டுமா என்று மாவட்டக் காவல் தலைமையகத்தில் கேட்டபின் கடை திறங்கள். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கோயில் சாமான் போலத் தெரிந்தால், எங்கிருந்து வந்தது என்று உறுதியாகும்வரை தொடாதீர்கள்.

விலை பேசும்போது, கண்டுபிடித்ததை விற்பவரிடமும் சொல்லிவிடுங்கள்: இது இன்ன ஊர் வேலை, எடைக்குப் போட வேண்டாம், இவ்வளவு தருகிறேன். அந்தப் பாட்டி அடுத்த வீட்டிலும் உங்கள் பெயரைச் சொல்வார். லோபாக் போன்ற ஊரில் நல்ல சரக்கு வந்துசேரும் வழி அதுதான்.