ஆலைக் கூரையில் வெயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: சூரிய மின்சாரம் வீட்டு விளக்குக்கும் தோட்டத்துப் பம்புசெட்டுக்கும் சரி, ஆலையை ஓட்டாது.

உண்மை: பாகிஸ்தானில் ஓட்டுகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு இறக்குமதி எரிவாயுவின் விலை எகிறியது. அந்நாட்டு ரூபாய் சரிந்தது, மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதே வேளையில் சீனப் பேனல்கள் மலிந்தன. 2024-ல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல்கள் அங்கே வந்திறங்கின. பிரம்மாண்டமான அரசுத் திட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. வீட்டுக்காரர்களும் விவசாயிகளும் ஜவுளி ஆலைக்காரர்களும் தங்கள் கைப்பணத்தில் வாங்கிப் பொருத்தியவை பெரும்பகுதி. பேனலில் பிறக்கும் மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாற்றித் தந்துவிட்டால், நூற்பு இயந்திரத்தின் மோட்டாருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற பேதமே கிடையாது.

நம்பிக்கை: கூரையில் பேனல் இருந்தால் மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை.

உண்மை: பலர் பணம் கட்டிய பிறகுதான் ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள்: மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், கரண்டு போன மறுகணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உச்சி வெயிலிலும் பேனல் சும்மா கிடக்கும். பேட்டரியோ, ஜெனரேட்டரோடு இசைந்து ஓடும் கருவியோ இருந்தால்தான் தறி நிற்காது.

மின்வெட்டே இல்லாவிட்டாலும் பேனல் மட்டும் போதாது. நூற்பாலை மூன்று ஷிப்டும் ஓடுவது. வெயில் ஏறக்குறைய ஒரு ஷிப்டுக்குத்தான் முழுசாகக் கைகொடுக்கும். மீதிக்கு மின்கட்டமைப்போ பேட்டரியோ காற்றாலையோ வேண்டும். தமிழ்நாட்டு ஆலைகள் பல காலமாகக் காற்றாலைகளில் முதலீடு செய்து வந்தது இந்த இடத்தில் உதவுகிறது. மே முதல் செப்டம்பர் வரை இரவிலும் காற்று உண்டு. சாயப்பட்டறைக்கு இன்னொரு சிக்கல்: அதற்கு மின்சாரத்தைவிட நீராவிதான் அதிகம் தேவை. கூரையில் எத்தனை பேனல் போட்டாலும் பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ போய்க்கொண்டுதான் இருக்கும்.

நம்பிக்கை: வெயில் இலவசம், அதனால் ஏழை நாடுகளில் தொழில் தானாகவே வளரும்.

உண்மை: என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். வெயிலுக்கு விலையில்லை, ஆனால் பேனலுக்கு முன்பணம் வேண்டும், கூரை வேண்டும், வங்கியில் காட்டச் சொத்து வேண்டும். இவை உள்ள ஆலை பகல் நேரத்துக்கு மின்வாரியத்தை விட்டு விலகிவிடுகிறது. வாடகைக் கொட்டகையில் நாலு தறி ஓட்டுபவர் எங்கே விலகுவது? பாகிஸ்தானில் மின்நிலையங்களோடு போட்ட ஒப்பந்தங்களின்படி, மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு நிலைத்தொகையைக் கொடுத்தாக வேண்டும். வாங்குவோர் குறையக் குறைய அந்தத் தொகை மிச்சமிருக்கும் யூனிட்டுகளின் தலையில் ஏறுகிறது. கட்டணம் கூடினால் இன்னும் சிலர் விலகுவார்கள். வலுவுள்ளவர் தப்பிக்க, இல்லாதவர் பில் கட்டும் நிலை இது.

பேனல் செய்வதில் கிடைக்கும் வேலைவாய்ப்பும் தானாக வந்து சேராது. பாலிசிலிக்கான் முதல் முழுப் பேனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. பேனலை வாங்கிப் போடும் நாட்டுக்கு மிஞ்சுவது பொருத்தும் வேலையும் துடைக்கும் வேலையும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் செல்லும் பேனலும் செய்யும் 4.3 கிகாவாட் ஆலை வந்திருப்பது இந்தக் காரணத்தால் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சூரிய ஒளியால் தொழில் பெருக வேண்டுமென்றால் முதலில் செய்யவேண்டியது சிறு தறிக்காரர்களுக்கானது: பலர் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரே சூரிய மின்நிலையம் வைத்து, அதன் யூனிட்டுகளை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ள வழி, சொத்து அடமானம் கேட்காத கடன், மாலை நேரத்துக்குப் பொதுப் பேட்டரி. இந்த மூன்றும் இல்லாமல் இன்னொரு 17 கிகாவாட் வந்தாலும் அவர்களுடைய கொட்டகைகளில் கட்டணம் குறையாது.