ஆறுதல் என்னும் சொல்லும் ஈரக் கட்டும்

புண் குணமாவதைத் தமிழர் ‘ஆறுதல்’ என்பர். சூடு தணிதலுக்கும் துயர் தணிதலுக்கும் வழங்குவது அச்சொல்லே. நடைமுறையிலோ நாம் புண்ணைக் காயவைக்கவே முயல்கிறோம். காற்றுப்படத் திறந்து வைத்து, பக்குக் கட்டியதும் நிம்மதி கொள்கிறோம்.

1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் விலங்குகளின் தோற்காயங்களுள் சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது. சொல்லில் நம் முன்னோர் கொண்ட கருத்தே சரி போலும்!

ஆனால் ஈரம் கிருமிக்கும் இனியது. இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாக வந்ததே கிருமியெதிர் ஹைட்ரோஜெல் கட்டு. நீரை ஈர்க்கும் நெடிய மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்த வலை அது, பெரும்பகுதி நீரே. நுங்கைத் தொட்டவர் அதன் தன்மையை எளிதில் உணர்வர். உலர்ந்த புண்ணுக்கு ஈரம் தரும். எடுக்கும்போது புதுத்தோலைப் பிய்க்காது. வலைக்குள் வெள்ளி அயனிகளைத் தேக்கினால் அவை மெல்ல வெளிப்பட்டுக் கிருமிகளைத் தாக்கும். பாபா அணு ஆராய்ச்சி மையம் கண்ட முறையில் ஒரே கதிர்வீச்சு வலையையும் பின்னுகிறது, கிருமியையும் நீக்குகிறது.

குறுக்குப் பிணைப்பு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை மாணவர்க்குப் புதிதன்று. கொல்லாஜன் இழைகளைக் குரோமிய உப்புப் பிணைப்பதாலன்றோ பச்சைத்தோல் அழுகாத தோலாகிறது! 1948இல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே கொல்லாஜனிலிருந்து புண்ணை மூடும் சவ்வையும் உருவாக்கியுள்ளது.

எனினும் கட்டு மட்டும் போதாது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயுற்றோரின் பாதம் தானே அழுகுவதில்லை. வலி உணராமல் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் அழுத்தி நடப்பதாலேயே புண்ணாகிறது எனக் காட்டினார். மாவுக்கட்டால் அழுத்தம் நீங்கவே ஆறாப் புண்களும் ஆறின. உணர்விழந்த நீரிழிவுப் பாதத்திற்கும் இது பொருந்தும். இறந்த தசையை அகற்றாமல், சீழை வடிக்காமல் எந்த ஜெல்லை ஒட்டியும் பயனில்லை. எலும்பை எட்டிய தொற்றுக்கு உள்மருந்தே வேண்டும். ‘வலிக்கவில்லையே’ என்று வேலைக்குச் செல்லும் நீரிழிவுத் தொழிலாளியே பேரிடரில் இருப்பவர். சுண்ணாம்பு நீர் படும் தம் பாதங்களை அவர் மாலைதோறும் கண்ணாடி வைத்துப் பார்த்தல் வேண்டும். கொப்புளமோ வெடிப்போ கண்டால் கட்டு வாங்கக் கடைக்கு அன்று, அன்றே மருத்துவரிடம் செல்க.