வைத்திய சேவைகளின் இணைப்பும் நோயாளியின் திருப்தியும்

கல்லணையில் எவ்வளவு நீர் திறந்து விடப்பட்டாலும், கிளை வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காய்ந்தே போகும். வைத்திய உதவியும் அத்தகையதே. பெரிய ஆஸ்பத்திரியில் தேர்ந்த வைத்தியர்கள் இருந்தும், கிராமத்திலிருந்து அவர்களிடம் சேரும் வழி இடையிடையே அறுபட்டிருக்குமாயின், நோயாளிக்குத் திருப்தி உண்டாவதில்லை. ஒரே விருத்தாந்தத்தைப் பலரிடம் சொல்லி அலைவதும், நடவுக் காலத்தில் கூலியை இழப்பதும் நோயினும் பெரிய துன்பமாகத் தோன்றும்.

தஞ்சாவூர் நகரிலுள்ள இராசா மிராசுதார் ஆஸ்பத்திரி பழமையானது. அதற்குச் சில மைல் தொலைவில் வைத்தியக் கல்லூரி அமைந்துள்ளது. முன்னதில் பிரசவமும் குழந்தை வைத்தியமும், பின்னதில் ஏனைய பல சிகிச்சைகளும் நடைபெறுகின்றன. இவ்விதம் பிரித்ததனால் ஒவ்வொரு துறையிலும் நிபுணரும் கருவிகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. ஆனால் கர்ப்பிணிக்கு வேறொரு நோயும் இருப்பின், இரண்டு இடங்களையும் இணைத்தல் அவசியமாகின்றது. நோய்க்குறிப்பும் வாகனமும் அவளுடன் செல்லாவிடில் அப்பாரம் உறவினர் தலையில் விழும். 2008-ல் தொடங்கிய 108 வண்டி இக்குறையை ஓரளவு நீக்கிற்று.

இணைப்பு என்பது எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடைப்பதன்று. அவ்வாறு செய்து வரிசை நீளுமாயின் அதிருப்தியே மிகும். 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கி மாகாணமெங்கும் பரவிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வேறு வழியைக் காட்டிற்று. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களின் வீட்டிற்கே தொண்டர் சென்று, பரிசோதித்து, மாத்திரை தந்து, வேண்டும்போது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புகிறார். நோயாளியின் நடை குறைகின்றது. மருந்து இடையில் நிற்பதும் குறைகின்றது.

இவ்விஷயத்தில் சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை சில உண்டு. சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் ஒரே பையில் தேதி வாரியாக வைத்தல் வேண்டும். வேறிடத்திற்கு அனுப்பப்படும்போது, காரணமெழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மறுமுறை எங்கே, எந்த நாளில், யாரைக் காண்பது என்பதை அறிந்த பின்னரே திரும்புதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் துணையாக ஒருவரைச் சங்கமே அனுப்பலாம்.

வாய்க்காலைத் தூர்வாருவதில் ஊரார் கைகொடுப்பது வழக்கம். வைத்திய வழியைச் செம்மையாக வைப்பதிலும் அக்கை நீளுமாயின், கடைக்கோடி வீட்டு நோயாளியும் மனநிறைவுடன் திரும்புவார்.