நீர்ப்பம்பிச் சுற்றுக்குத் தக்க உருகியும் சுற்றுடைப்பானும்

மாவனல்லைப் பகுதியில் மகா ஓயாவை அடுத்தும் அதன் கிளையோடைகளை அடுத்தும் உள்ள கமங்களில் நெல்லோடு பயற்றை, பாகல், வெண்டி, கத்தரி முதலிய மரக்கறிகளும் செய்கை பண்ணப்படுகின்றன. மழை குறையும் காலத்தில் இப்பயிர்களைக் காப்பதற்கு மின்சார நீர்ப்பம்பி பெரிதும் உதவுகின்றது. பூக்கும் தறுவாயில் பம்பி நின்றுவிடின் விளைச்சல் குன்றும். இதற்கு அஞ்சி, அடிக்கடி சுற்றைத் துண்டிக்கும் சுற்றுடைப்பானை அகற்றிப் பெரியதொன்றைப் பொருத்துவோரும், உருகிக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டுவோரும் உளர். பயிரைக் காக்கச் செய்யும் இச்செயல் வீட்டையே தீக்கிரையாக்கவுங் கூடும். ஆதலின் உருகியின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

உருகி எதனைக் காக்கின்றது?

சுவரிலும் குழாயிலும் செல்லும் மின்கம்பியைக் காப்பதே உருகியின் முதற் பணியாகும். கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும். ஓட்டம் இரு மடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும். சாதாரண பீ.வீ.சி. உறை 70 பாகை சதம அளவு வரை தாங்குவதற்கென அமைக்கப்பட்டது. அதற்கு மேற் சூடேறின் உறை இளகிக் கெடும், பின்னர்த் தீப்பற்றும்.

மூன்று எண்கள்

இலங்கையில் மின்னமைப்பு வேலைகளுக்குப் பின்பற்றப்படும் பிரித்தானிய விதித்தொகுப்பின்படி மூன்று எண்கள் வரிசையில் நிற்றல் வேண்டும். முதலாவது, பம்பி எடுக்கும் ஓட்டம். இரண்டாவது, சுற்றுடைப்பானின் அளவு. மூன்றாவது, கம்பி தாங்கும் ஓட்டம். முதலாவது இரண்டாவதை விஞ்சலாகாது. இரண்டாவது மூன்றாவதை விஞ்சலாகாது.

ஒரு கணக்கு

2 பரிவலுப் பம்பியொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பரிவலு 746 வாற்று. இரண்டு பரிவலு 1,492 வாற்று. இதனை 230 உவோற்றால் வகுத்து 6.5 அம்பியர் எனக் கொள்வது தவறு. 1,492 வாற்று என்பது மோட்டார் வெளியே தரும் வலு. அது உள்வாங்கும் வலு இதனிலும் அதிகம். மோட்டாரின் திறன் நூற்றுக்கு 75, வலுக்காரணி 0.85 எனின், 230, 0.75, 0.85 ஆகியவற்றின் பெருக்கத்தால் 1,492ஐ வகுத்தல் வேண்டும். விடை ஏறக்குறைய 10.2 அம்பியர். மோட்டாரின் பெயர்த்தகட்டில் ஓட்டம் குறிக்கப்பட்டிருப்பின் அதனையே கொள்ளுதல் சிறந்தது.

2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இரண்டு, சுவரிற் பொருத்திய குழாயினுள் 30 பாகை வெப்பத்தில் 24 அம்பியரைத் தாங்கும். தகரக் கூரையின் கீழ் வெப்பம் 40 பாகையாயின் 24ஐ 0.87 ஆற் பெருக்குக. கம்பி தாங்குவது 20.9 அம்பியராகக் குறையும். ஆகவே 10.2, 16, 20.9 என எண்கள் வரிசையில் நிற்பதால் 16 அம்பியர்ச் சுற்றுடைப்பான் பொருந்தும். 32 அம்பியர் பொருத்தின் கம்பியே முதலில் எரியும்.

தொடக்க ஓட்டம்

மோட்டார் புறப்படும் கணத்தில் முழுச்சுமை ஓட்டத்தின் ஆறு மடங்களவு, அதாவது 61 அம்பியர் வரை, எடுக்கக்கூடும். "பீ" வகைச் சுற்றுடைப்பான் தன் அளவின் 3 முதல் 5 மடங்கில் உடனே துண்டிக்கும். 16 அம்பியருக்கு இது 48 முதல் 80 வரை. எனவே பம்பி புறப்படும்போதே சுற்று அறுபடக்கூடும். "சீ" வகை 5 முதல் 10 மடங்கில், அதாவது 80 முதல் 160 அம்பியரில், துண்டிக்கும். இங்கு மாற்ற வேண்டியது வகையேயன்றி அளவன்று.

தூரம்

கிணறு வீட்டிலிருந்து 100 மீற்றர் தூரத்திலிருப்பின் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் 18 உவோற்றுக்கு மேல் இழக்கப்படும். அனுமதிக்கத்தக்கது நூற்றுக்கு 5, அதாவது 11.5 உவோற்று. அழுத்தங் குறைந்தால் மோட்டார் கூடுதலான ஓட்டத்தை இழுத்துச் சூடேறும். 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியிடின் இழப்பு 11.2 உவோற்றாகும். கம்பி பருத்ததென்று சுற்றுடைப்பானையும் பெருப்பிக்க வேண்டியதில்லை. 16 அம்பியரே போதும்.

பழைய உருகிக் கம்பி

ஈயமூட்டிய செப்புக் கம்பியில் 0.5 மில்லிமீற்றர் விட்டமுடையது 15 அம்பியருக்கும் 0.85 மில்லிமீற்றருடையது 30 அம்பியருக்கும் உரியன. இவை தம் அளவின் ஏறக்குறைய இரு மடங்கிலேயே உருகும். மேற்கூறிய சுற்றில் 30 அம்பியர்க் கம்பியைக் கட்டின், கம்பி தாங்கும் ஓட்டத்தின் மூன்று மடங்களவு செல்லும் வரை உருகி அசையாது.

தேர்வெழுதுவோர்க்கு

மின்னியலாளர் அனுமதிக்கான தேர்வெழுதும் கமக்காரர் வீட்டு இளைஞர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் விதித்தொகுப்பு மோட்டார்ச் சுற்றில் கம்பியை முழுச்சுமை ஓட்டத்தின் நூற்றுக்கு 125க்கும், சுற்றுடைப்பானை நூற்றுக்கு 250 வரைக்கும் அனுமதிக்கின்றது. அங்கு மிகைச்சுமையைத் தடுக்கத் தனிக் காப்பு உண்டு. சுற்றுடைப்பான் குறுஞ்சுற்றுக்கே உரியது. இவ்வேறுபாட்டை அறியாது ஒரு நாட்டு விதியை மற்றொரு நாட்டுக் கணக்கிற் புகுத்தலாகாது.

உயிர்க் காப்பு

16 அம்பியர்ச் சுற்றுடைப்பான் மனிதனைக் காப்பாற்றாது. ஈர நிலத்தில் நிற்பவன் உடலில் இதன் சிறு பின்னம் பாயினும் மரணம் நேரலாம். 0.03 அம்பியர்க் கசிவிலேயே துண்டிக்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் நல்ல புவித்தொடுப்பும் இன்றியமையாதன. மோட்டாரைக் காக்கப் பெயர்த்தகட்டு ஓட்டத்துக்குச் சரிசெய்த மிகைச்சுமைக் காப்பும் வேண்டும்.

கமக்காரர் செய்ய வேண்டியது

சுற்றுடைப்பான் மீண்டும் மீண்டும் துண்டித்தால் அதனை மாற்ற முற்படாது, பம்பியில் மண் அடைத்துள்ளதா, சுழலி இறுகியுள்ளதா, அழுத்தம் குறைந்துள்ளதா, கம்பியுறை கிழிந்துள்ளதா என ஆராய்தல் வேண்டும். பம்பியையும் கம்பியையும் தொடுமுன் பிரதான ஆளியை நிறுத்துக. வேலையைத் தகைமை பெற்ற மின்னியலாளரிடமே ஒப்படைத்து, மேற்கூறிய மூன்று எண்களையும் கேட்டறிந்து, சுற்றுடைப்பான் பெட்டியின் மூடியில் எழுதி வைத்துக் கொள்க. பின்னர் வரும் எவரும் பெரியதொன்றைப் பொருத்த முனையுமிடத்து அவ்வெண்களே அவரைத் தடுக்கும்.