பின்பக்கத்துப் படிக்கட்டு

பெங்களூர் அடுகோடி போன்ற நெருக்கமான இடங்களில் சின்ன மனையில் வீடு கட்டுகிறார்கள். சில வீடுகளில் மொட்டை மாடிக்கு இரும்பில் சுழல் படிக்கட்டு வைக்கிறார்கள். நேரான படிக்கட்டுக்கு நீளமாக இடம் வேண்டும். சுழல் படிக்கு ஒரு மூலை போதும். நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றிச் சுற்றிப் படிகள்.

இது பழைய முறை. ஐதராபாத்தில் சார்மினார் 1591-இல் கட்டப்பட்டது. அதன் ஒவ்வொரு கோபுரத்துக்குள்ளும் 149 படிகள் சுழன்று ஏறுகின்றன. ஒல்லியான கோபுரத்துக்குள் வேறு எப்படிப் படி வைப்பது? கலங்கரை விளக்கங்களிலும் இதே முறைதான்.

வெள்ளையர் காலத்தில் இரும்பில் சுழல் படிகள் வந்தன. கல்கத்தாவின் பழைய மாடி வீடுகள் சிலவற்றின் பின்பக்கத்தில் இன்றும் அவை இருக்கின்றன. வீட்டுக்குள்தான் அகலமான படிக்கட்டு இருக்கிறதே! பிறகு இது யாருக்கு?

அந்த நாளில் மாடியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய வருபவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். தீட்டாம்! அவருக்காகவே பின்னால் இந்தப் படி. மலத்தைச் சுமந்துகொண்டு இதில்தான் இறங்க வேண்டும். சுழல் படியின் உள்பக்கம் மிகவும் குறுகல். பாதம் முழுவதும் பதியாது. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. கை சும்மா இருந்தால்தானே பிடிக்க முடியும்?

மலம் அள்ள ஆள் வைப்பதை 1993-இல் ஒரு சட்டம் தடை செய்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குவதும் அதன்படி குற்றம். இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு.