பறவைக் காய்ச்சலை வெல்ல ஒரு திருத்தம்

கோழிச் சோறு, கோழிக் குழம்பு, சாத்தே என நம் வட்டார உணவில் கோழிக்குத் தனி இடம் உண்டு. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. உடனே சிங்கப்பூர், மலேசியக் கோழிகளை இறக்குமதி செய்வதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு பண்ணையில் தோன்றும் நோய், எல்லை கடந்து சந்தையையும் சமையலறையையும் எட்டிவிடும் என்பதைப் பலரும் அன்று உணர்ந்தனர்.

பறவைக் காய்ச்சல் சில வேளைகளில் மனிதர்களையும் தாக்கும். 1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்கு அந்நோய் தொற்றியது. அவர்களுள் அறுவர் உயிரிழந்தனர். நோயைக் கட்டுப்படுத்த, அந்நகரில் இருந்த ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட கோழிகள் சில நாள்களில் கொல்லப்பட்டன. நோய் பரவிய பண்ணைகளில் நலமாக இருக்கும் கோழிகளையும் அழிக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. கோழிகளை வளர்த்தவர் ஒரே நாளில் தம் பிழைப்பை இழக்கிறார்.

'கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். சில நாடுகள் அவ்வாறு செய்கின்றன. ஆனால், இந்த வைரஸ் அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்வதால் தடுப்பூசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மேலும், தடுப்பூசி போடப்பட்ட கோழி நலமாகத் தோன்றினாலும், அதன் உடலில் வைரஸ் மறைந்திருந்து பிற கோழிகளுக்குப் பரவக்கூடும்.

ஆகவே, நோயை எதிர்க்கும் ஆற்றலைக் கோழியின் பிறப்பிலேயே அமைக்க முடியுமா என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகில் உள்ள ரோஸ்லின் ஆய்வுக்கழகம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிர்பிரைட் ஆய்வுக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இம்முயற்சியில் இணைந்தனர்.

வைரஸால் தனித்துப் பெருக இயலாது. கைவசம் கருவி இல்லாதவர் பிறரிடம் இரவல் வாங்கி வேலை செய்வதைப்போல, அது கோழியின் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள புரதங்களைப் பயன்படுத்திப் பெருகுகிறது. அவ்வாறு பயன்படும் புரதங்களுள் ஒன்றின் பெயர் 'ஏஎன்பி32ஏ'. இந்தப் புரதத்தின் வடிவத்தைச் சிறிது மாற்றிவிட்டால், வைரஸுக்கு அது பயன்படாமல் போய்விடும் அல்லவா? ஆய்வாளர்களின் எண்ணமும் அதுதான்.

புரதத்தை மாற்ற வேண்டுமானால், அதை உருவாக்கும் மரபணுவை மாற்ற வேண்டும். இதற்கு 'கிரிஸ்பர்' என்னும் தொழில்நுட்பம் உதவியது. மரபணுவில் வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டறிந்து வெட்டவும் திருத்தவும் வழிவகுக்கும் இம்முறையை உருவாக்கிய எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இரு பெண் அறிவியலாளர்களுக்கு 2020ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும், கோழியின் மரபணுவைத் திருத்துவது எளிதன்று. கோழி முட்டையிடும் வேளையிலேயே, அதனுள் உள்ள கரு ஆயிரக்கணக்கான உயிரணுக்களாகப் பிரிந்திருக்கும். அவை அனைத்தையும் திருத்த இயலாது. எனவே, பின்னாளில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாறவிருக்கும் உயிரணுக்களை மட்டும் கருவிலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துத் திருத்துகின்றனர். பிறகு அவற்றை வேறொரு கருவினுள் செலுத்துகின்றனர். அக்கரு வளர்ந்து கோழியானபின், அதன் வழித்தோன்றல்கள் அந்தத் திருத்தத்துடன் பிறக்கின்றன.

இவ்வாறு பிறந்த கோழிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. திருத்தம் பெற்ற பத்துக் கோழிகளுக்கு, இயல்பாகத் தொற்றக்கூடிய அளவில் 'எச்9என்2' வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் செலுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்பது கோழிகளுக்கு நோய் தொற்றவில்லை. நோய் பிற கோழிகளுக்கும் பரவவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காணித்தபோதும், அக்கோழிகளின் உடல்நலத்திலோ முட்டையிடும் திறனிலோ குறை தென்படவில்லை.

பத்தில் ஒன்பது என்பது பெரிய வெற்றிதானே? ஆய்வாளர்கள் அத்துடன் நிறைவடைந்திருக்கலாம். ஆனால், தங்கள் கண்டுபிடிப்பு எங்கே தோற்கும் என்பதையும் அறிய அவர்கள் விரும்பினர். எனவே, மற்றொரு சோதனையில் 1000 மடங்கு அதிகமான வைரஸைச் செலுத்தினர். இம்முறை பத்தில் ஐந்து கோழிகளுக்கு நோய் தொற்றியது.

காரணம் என்ன? ஒரு கருவி கிடைக்காதபோது, வைரஸ் அடுத்த வீட்டுக்குச் சென்று வேறு கருவியை இரவல் வாங்கியது! கோழியின் உயிரணுக்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஏஎன்பி32பி', 'ஏஎன்பி32இ' என்னும் புரதங்களும் உள்ளன. வழக்கமாக அவை வைரஸுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஆனால், வைரஸ் தன்னைச் சற்றே மாற்றிக்கொண்டு அவற்றையும் பயன்படுத்தத் தொடங்கியது.

இது சிந்திக்க வேண்டிய செய்தி. அரைகுறையான பாதுகாப்புடன் இக்கோழிகள் பண்ணைகளுக்குச் சென்றிருந்தால், புதிய வழிகளைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை நாமே வைரஸுக்கு அளித்திருப்போம். மனிதர்களையும் தாக்கக்கூடிய ஒரு வைரஸுக்கு அத்தகைய வாய்ப்பை அளிப்பது ஆபத்தானது.

பின்னர், ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களையும் செயலிழக்கச் செய்த கோழி உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தனர். அவற்றில் வைரஸால் பெருக முடியவில்லை. எனினும், உயிரணு வேறு, உயிருள்ள கோழி வேறு. அப்புரதங்கள் கோழியின் வளர்ச்சிக்கும் பயன்படக்கூடியவை. ஆகவே, மூன்று மரபணுக்களிலும் திருத்தம் பெற்ற கோழி நலமாக வாழுமா என்பதை ஆராய்ந்த பின்னரே அடுத்த அடியை எடுத்துவைக்க முடியும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். ஒன்பது கோழிகள் தப்பியதைக் கொண்டாடுவது எளிது. தோல்வியைத் தாங்களே தேடிச் சென்று, அதை மறைக்காமல் உலகிற்கு அறிவிப்பதற்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மைதான் அறிவியலின் மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கு அடித்தளம்.

சொற்பொருள்
இரவல் – திருப்பித் தருவதாகக் கூறிப் பெறும் பொருள்
வழித்தோன்றல் – ஒருவரின் மரபில் பின்னர்ப் பிறப்பது
அரைகுறை – முழுமை பெறாத நிலை

கருத்தறிதல்
1. தடுப்பூசியால் மட்டும் பறவைக் காய்ச்சலை முற்றாகத் தடுக்க இயலாததற்கு இரு காரணங்களைக் குறிப்பிடுக.
2. வைரஸின் செயலை ஆசிரியர் இரவல் வாங்குவதோடு ஒப்பிடுகிறார். இவ்வொப்பீடு பொருத்தமானதா? விளக்குக.
3. ஆய்வாளர்கள் இரண்டாவது சோதனையை நடத்தாமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நீ கருதுகிறாய்?